பயணிப்பவரின் நேரலை இருப்பிடத்தை வரைபடத்தில் தாவாமல், தடுமாறாமல் காட்டுவது எப்படி?

தடந்தேடி (கேள்வி)

வணக்கம். ஃப்ளட்டரில் (ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் சேர்த்துச் செயலி எழுதும் கருவித்தொகுப்பு) ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றாகப் புறப்பட்டு வெவ்வேறு வண்டிகளில் செல்லும் சிலர், பயணம் முடியும்வரை ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். செயலியின் வேலை இவ்வளவுதான். இருப்பிடத்தைப் பெற ஜியோலொகேட்டர் தொகுப்பையும், வரைபடத்திற்குக் கூகுள் மேப்ஸ் ஃப்ளட்டர் தொகுப்பையும், பகிர்வதற்கு ஃபயர்பேஸ் ரியல்டைம் டேட்டாபேஸையும் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு நொடியும் புதிய அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகளை டேட்டாபேஸில் எழுதுகிறேன். பார்ப்பவரின் செயலி அதைக் கேட்டுக்கொண்டிருந்து, மதிப்பு மாறியவுடன் மார்க்கரை, அதாவது வரைபடக் குறியை, புதிய இடத்தில் வைக்கிறது.

அடிப்படை வேலை நடக்கிறது; ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. வண்டி ஓடும்போது மார்க்கர் நகராமல் தத்தித் தத்திச் செல்கிறது, சில நேரம் ஒரு கணம் மறைந்து மீண்டும் தோன்றுகிறது. வண்டி நின்றுவிட்டால் அதற்கு நேர்மாறாக, அசையாமல் இருக்கும் மனிதர் சாலையின் இருபுறமும் உலாவுவதுபோல் மார்க்கர் அலைகிறது. பார்ப்பவர் வரைபடத்தைக் கையால் நகர்த்தி வேறொரு பகுதியைப் பார்க்க முயன்றால், அடுத்த நொடியே கேமரா பழைய இடத்திற்கு இழுத்துக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பகிர்பவர் திரையை அணைத்தவுடன் சற்று நேரத்தில் இருப்பிடம் வருவதே நின்றுவிடுகிறது. பேட்டரி கரையும் வேகத்தைப் பற்றிப் பயனர்கள் தனியாகக் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு நொடியும் எழுதுவது சரியான முறைதானா, அல்லது வடிவமைப்பையே மாற்ற வேண்டுமா? பின்னணியில் இயங்குவதற்கு "எப்போதும் அனுமதி" கேட்டே ஆக வேண்டுமா?

வரைபடப்பித்தன்

நீங்கள் சொல்லும் சிக்கல்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கருவியிடமிருந்து இருப்பிடத்தைப் பெறும் வேகம், அதைச் சர்வருக்கு அனுப்பும் வேகம், திரையில் வரையும் வேகம் ஆகிய மூன்றையும் நீங்கள் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். இவை மூன்றும் தனித்தனியாக இயங்க வேண்டியவை. திரை நொடிக்கு அறுபது முறை வரையக்கூடியது. கருவி பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறை அளக்கிறது. சர்வருக்கோ அதில் ஒரு சிறு பகுதி போனாலே போதும்.

அனுப்புவதை முதலில் பார்ப்போம். திறந்த வானத்தின் கீழ் ஒரு கைபேசியின் ஜிபிஎஸ் அளவீடு ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குப் பிழை கொண்டிருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் அது பல மடங்கு கூடும். நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறார். ஆகவே நடப்பவரின் இருப்பிடத்தை நொடிக்கு ஒரு முறை அனுப்பும்போது, நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் அவருடைய நகர்வை அல்ல, கருவியின் பிழையைத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்வதால் அங்கே கதை வேறு. 3 நொடிக்கு ஒரு முறை அனுப்பினால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 50 மீட்டர் வரும், அதை அழகாக நிரப்பிக் காட்ட முடியும். எனவே இடைவெளியை வேகத்தைப் பொறுத்து மாற்றுங்கள். வண்டிக்கு 3 நொடி, நடைக்கு 10 நொடி, நின்றிருப்பவருக்கு ஒரு நிமிடத்திற்கு ஒரு முறை என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் அளவு. அந்த ஒரு நிமிடத் துடிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பகிர்பவர் நின்றிருக்கிறாரா, அவருடைய இணைப்பு அறுந்துவிட்டதா என்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

அனுப்பும்போது அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் போதாது. துல்லிய ஆரம் (அளந்த புள்ளியிலிருந்து உண்மையான இடம் எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற மதிப்பீடு), வேகம், திசைக்கோணம், அளந்த நேரம் ஆகிய நான்கும் கூடவே போக வேண்டும். பிணையம் தடுமாறும்போது பழைய புள்ளி தாமதமாக வந்து சேரலாம். அளந்த நேரம் இருந்தால்தான் அதை அடையாளம் கண்டு ஒதுக்க முடியும். பகிர்பவரின் கைபேசிக் கடிகாரம் பார்ப்பவரின் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் என்றும் நம்ப வேண்டாம். ஃபயர்பேஸில் சர்வர் நேரத்திற்கும் கருவி நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தரும் ஒரு சிறப்புப் பாதை உண்டு. "சர்வர் டைம் ஆஃப்செட்" என்று ஆவணத்தில் தேடினால் கிடைக்கும். "2 நிமிடத்திற்கு முன்" என்பது போன்ற வரியைத் திரையில் காட்டும்போது அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நின்றிருக்கும் மனிதர் உலாவுவது. இதற்கு எளிய விதி ஒன்று போதும்: கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளிக்கும் புதிய புள்ளிக்கும் உள்ள தூரம், புதிய புள்ளியின் துல்லிய ஆரத்தைவிடக் குறைவாகவும், கருவி சொல்லும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்குக் கீழும் இருந்தால் மார்க்கரை அசைக்காதீர்கள். ஒப்பிட வேண்டியது கடைசியாக ஏற்ற புள்ளியோடுதான், கடைசியாக வந்த புள்ளியோடு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், மெதுவாக நடப்பவர் எவ்வளவு தூரம் போனாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியே சிறியதாகத் தெரிந்து, மார்க்கர் தொடங்கிய இடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கும். வேகத்தை இரண்டு புள்ளிகளின் தூரத்திலிருந்து நீங்களே கணக்கிடாமல், கருவி தரும் வேகத்தை எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. ஜிபிஎஸ் வாங்கி வேகத்தைச் சமிக்ஞையின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகர்வால் அலைவெண் மாறும் அளவிலிருந்து) கணிக்கிறது. புள்ளிகள் அலையும்போதும் அது ஓரளவு நிதானமாகவே இருக்கும்.

தத்திச் செல்வதற்கு மருந்து, புதிய புள்ளி வந்தவுடன் மார்க்கரை அங்கே கொண்டுபோய் வைக்காமல், பழைய இடத்திலிருந்து புதிய இடத்திற்கு அனிமேஷன் மூலம் நகர்த்துவது. அனிமேஷனின் நீளம் இரண்டு அளவீடுகளுக்கும் இடையே உள்ள நேரத்திற்குச் சமமாக இருந்தால் நகர்வு தொடர்ச்சியாகத் தெரியும். இதன் விலை, நீங்கள் காட்டுவது எப்போதும் ஒரு அளவீடு பின்தங்கியிருக்கும். சிலர் இந்தப் பின்னடைவைத் தவிர்ப்பதற்காக வண்டியின் வேகத்தையும் திசையையும் வைத்து அடுத்த இடத்தை முன்கூட்டியே ஊகித்து வரைவார்கள். நேர்ச் சாலையில் அது அருமையாக இருக்கும், முதல் திருப்பத்திலேயே வண்டி கட்டடத்திற்குள் புகுந்து பின்வாங்கும். மூன்று நொடி தாமதமான உண்மையைக் காட்டுவது, தாமதமே இல்லாத பொய்யைக் காட்டுவதைவிட மேல் என்பது என் கருத்து. ஆனால் இணைப்பு வெகு நேரம் அறுந்து மீண்டு, புதிய புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி இருந்தால் அனிமேஷனே வேண்டாம், நேராக அங்கே வைத்துவிடுங்கள். வீடுகளின் மேல் வண்டி பறந்து செல்வதைப் பார்ப்பவர்கள் ரசிக்க மாட்டார்கள்.

மார்க்கர் மறைந்து தோன்றுவது வேறு காரணத்தால். உங்கள் குறிமுறையைப் பார்க்காமலே சொல்கிறேன்: மார்க்கர் ஐடியில் நேரத்தையோ ஒரு எண்ணிக்கையையோ சேர்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறீர்கள். அந்தத் தொகுப்பு பழைய மார்க்கர் கணத்தையும் புதிய கணத்தையும் ஐடியை வைத்தே ஒப்பிடுகிறது. ஐடி மாறாமல் இருந்தால் இருக்கும் மார்க்கரின் இடத்தை மட்டும் மாற்றும். ஐடி மாறினால் பழையதை அழித்துப் புதியதை வைக்கும். நீங்கள் காண்பது அந்த அழிப்பைத்தான். பயணியின் பயனர் அடையாளத்தையே மார்க்கர் ஐடியாக வையுங்கள்.

கேமராவுக்கு "பின்தொடர்" என்று ஒரு நிலை வேண்டும். அது இயக்கத்தில் இருக்கும்போது மட்டும் கேமரா மார்க்கரோடு நகர வேண்டும். பார்ப்பவரின் விரல் வரைபடத்தைத் தொட்டு இழுத்தவுடன் அது அணைந்து, ஓரத்தில் ஒரு பொத்தான் தோன்றி, அதை அழுத்தினால் மீண்டும் தொடங்க வேண்டும். நேட்டிவ் ஆண்ட்ராய்டில் கேமரா நகரத் தொடங்கும்போது அது விரலால் நகர்ந்ததா, குறிமுறையால் நகர்ந்ததா என்ற காரணமும் கூடவே வரும். ஃப்ளட்டர் தொகுப்பில் அந்த அழைப்பு காரணம் இல்லாமல் வருவதால், வரைபடத்தைச் சுற்றி ஒரு லிஸனர் விட்ஜெட்டை வைத்து விரல் தொடுவதை நீங்களே பிடிக்க வேண்டும்.

அலைவரிசை

வரைவதைப் பற்றி மேலே விரிவாக வந்துவிட்டதால், நான் திரை அணைந்தபின் நிற்பதையும் அனுமதியையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் செயலிக்கு "எப்போதும் அனுமதி" தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், பலர் பின்னணி என்ற சொல்லைக் கேட்டவுடன் அந்த அனுமதியைக் கேட்டு, பயனரின் நம்பிக்கையையும் இழந்து, கூகுள் பிளேயில் பின்னணி இருப்பிடத்திற்கான தனி விளக்கப் படிவத்தையும் நிரப்பி, மறுப்பும் வாங்கி அலைகிறார்கள். உங்கள் பயனர் செயலியைத் திறந்து, "பயணத்தைத் தொடங்கு" என்ற பொத்தானைத் தானே அழுத்துகிறார். செயலி கண்ணுக்கு முன் இருக்கும் அந்தக் கணத்தில் இருப்பிட வகை ஃபோர்கிரவுண்டு சர்வீஸ் (பயனருக்கு ஒரு அறிவிப்பைக் காட்டியபடி தொடர்ந்து இயங்கும் பகுதி) ஒன்றைத் தொடங்கிவிட்டால், அதன்பின் திரை அணைந்தாலும், பயனர் வேறு செயலிக்குப் போனாலும், "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதியே அந்தச் சர்வீஸுக்குப் போதுமானது. ஐஃபோனிலும் இதே தர்க்கம்தான்: பின்னணி முறைகளில் இருப்பிடத்தைச் சேர்த்து, பின்னணிப் புதுப்பிப்பை அனுமதிக்கும் பண்பை இயக்கி, செயலி திறந்திருக்கும்போதே அளவீட்டைத் தொடங்கினால், திரையின் மேற்பகுதியில் நீல அடையாளத்தோடு அது தொடரும்.

இப்போது ஏன் நிற்கிறது என்றால், ஆண்ட்ராய்டு 8 வெளிவந்த 2017ஆம் ஆண்டிலிருந்து பின்னணிக்குப் போன செயலிக்கு ஒரு மணி நேரத்தில் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். அதற்குப்பின் வந்த பல பதிப்புகள் இந்தக் கயிற்றை இன்னும் சற்று இறுக்கியிருக்கின்றன. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 பின்னணி இருப்பிடத்தைத் தனி அனுமதியாகப் பிரித்தது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 "இந்த ஒரு முறை மட்டும்" என்ற தேர்வைத் தந்தது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், செயலி பின்னணியில் இருக்கும்போது ஃபோர்கிரவுண்டு சர்வீஸைத் தொடங்குவதே, சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14க்கு இலக்கு வைத்தால், சர்வீஸின் வகையை மேனிஃபெஸ்டில் (செயலியின் பகுதிகளையும் அனுமதிகளையும் பட்டியலிடும் கோப்பில்) அறிவிப்பதோடு, அந்த வகைக்குரிய அனுமதியையும் தனியே எழுத வேண்டும். எழுதாவிட்டால் சர்வீஸ் தொடங்கும் இடத்திலேயே செயலி விழுந்துவிடும். ஜியோலொகேட்டர் தொகுப்பில் ஆண்ட்ராய்டுக்கான அமைப்புகளில் ஃபோர்கிரவுண்டு அறிவிப்பைக் கொடுக்க இடம் இருக்கிறது; அதைக் கொடுத்தால் தொகுப்பே சர்வீஸைத் தொடங்கிக்கொள்ளும்.

ஐஃபோனில் ஒரு பண்பு பலரை ஏமாற்றுகிறது. இருப்பிடப் புதுப்பிப்பைத் தானாக இடைநிறுத்தும் பண்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். பயணி ஓரிடத்தில் வெகு நேரம் நின்றால் கணினியமைப்பு அளவீட்டை நிறுத்திவிடும். அவர் மீண்டும் கிளம்பும்போது அது தானாகத் தொடங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பயணத்தின் நடுவே ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பியவர் வரைபடத்தில் ஓய்விடத்திலேயே உட்கார்ந்திருப்பது இதனால்தான். உங்கள் வகைச் செயலிக்கு அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு செய்தி: பயனர் முழுத் துல்லியத்தைத் தராமலும் போகலாம். ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 12 முதலும் "தோராயமான இருப்பிடம்" என்ற தேர்வு பயனரின் கையில் இருக்கிறது. அதைத் தேர்ந்தவருக்கு வரும் புள்ளி உண்மையான இடத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் விலகியிருக்கலாம். அந்த நிலையில் கூர்மையான ஊசிக் குறியை நட்டால் நீங்கள் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலைச் சுட்டிக்காட்டுகிறீர்கள். துல்லிய ஆரத்தை வட்டமாக வரைந்து, அந்தப் பகுதியில் எங்கோ இருக்கிறார் என்று காட்டுவதே நேர்மை. துல்லியமான தேர்விலும் அந்த வட்டத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டின் வரையறைப்படி உண்மையான இடம் அந்த ஆரத்திற்குள் இருப்பதற்கு 68 விழுக்காடு வாய்ப்புத்தான், அதாவது மூன்றில் ஒரு முறை மனிதர் வட்டத்திற்கு வெளியே இருப்பார்.

கணிதப்பொறி

புள்ளிகள் அலைவதற்கு மேலே சொன்ன தூர விதி ஒரு ஒட்டுப்போடும் வேலை. கால்மன் வடிகட்டியைப் பயன்படுத்தினால் நிற்பது, நடப்பது, ஓடுவது என்று தனித்தனி விதிகள் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு அளவீட்டையும் அதன் துல்லிய ஆரத்திற்கு ஏற்ற எடையோடு ஏற்றுக்கொண்டு, முந்தைய நகர்வோடு பொருந்தாத புள்ளியை அது தானாகவே அடக்கிவிடும். 1960இல் வெளியான முறை. விண்கலங்களிலிருந்து கைபேசிவரை எல்லா இடங்களிலும் நிரூபணமானது. அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் ஒரு எளிய வடிவத்தை முப்பது வரிகளில் எழுதிவிடலாம்.

வரைபடப்பித்தன்

கணிதப்பொறி சொல்வது கோட்பாட்டளவில் சரியே. ஆனால் இந்த இடத்தில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு.

ஆண்ட்ராய்டின் ஃபியூஸ்டு லொகேஷன் புரொவைடரும் ஐஃபோனின் கோர் லொகேஷனும் நமக்குத் தருவது பச்சையான ஜிபிஎஸ் அளவீடு அல்ல. வைஃபை, கைபேசிக் கோபுரம், அசைவு உணரி ஆகியவற்றையெல்லாம் கலந்து ஏற்கெனவே வடிகட்டிய மதிப்பு அது. வடிகட்டியதை மீண்டும் வடிகட்டும்போது, அடுத்தடுத்த அளவீடுகளின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற அடிப்படை அனுமானமே அடிபடுகிறது. கண்ணுக்குத் தெரியும் விளைவு, திருப்பங்களில் மார்க்கர் சாலையை விட்டு வெளியே அகன்று வளைந்து, பிறகு சோம்பலாகச் சாலைக்குத் திரும்புவது. அடுத்தது, சுரங்கப் பாதையிலிருந்து வெளியே வரும் வண்டி. அதன் முதல் சரியான புள்ளி பழைய நகர்வோடு சற்றும் பொருந்தாது. எளிய வடிகட்டி அதைப் பிழை என்று கருதி அடக்கப் பார்க்கும். தூர விதியில் இதைக் கையாள்வது எளிது: பொருந்தாத புள்ளி ஒன்று தனியாக வந்தால் ஒதுக்கு, அதை உறுதிப்படுத்தும் வகையில் அடுத்தடுத்து மூன்று புள்ளிகள் ஒரே பகுதியில் விழுந்தால் ஏற்றுக்கொள்.

பச்சை அளவீடுகளை வைத்துத் தனிக் கருவி செய்பவராக இருந்தால் நானும் கால்மனைத்தான் பரிந்துரைப்பேன்.

கணிதப்பொறி

இரட்டை வடிகட்டலைப் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். வண்டி சாலையில்தான் செல்லும் என்பது உறுதியானால், புள்ளிகளைச் சாலை வலையமைப்போடு பொருத்திக் காட்டுவது இரண்டையும்விட நல்ல விளைவைத் தரும். கூகுளின் சாலைச் சேவை ஒரு கோரிக்கையில் 100 புள்ளிகள்வரை ஏற்று, சாலையின் மேல் நகர்த்தித் தருகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து இயங்கும் ஓஎஸ்ஆர்எம் நிரலைச் சொந்தச் சர்வரில் நிறுவியும் இதைச் செய்யலாம். எனினும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் மேம்பாலமும் கீழ்ச்சாலையும் உள்ள இடங்களில் இது தவறான சாலையைத் தேர்ந்து, அதை மிகுந்த உறுதியோடு காட்டும். ஒரே ஒரு புள்ளியை மட்டும் அனுப்பி விடை கேட்காமல், கடைசிச் சில புள்ளிகளைச் சேர்த்து அனுப்பினால் இந்தத் தவறு குறையும்.

தாழ்ப்பாள்

எல்லோரும் எப்படிக் காட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எப்போது காட்டாமல் நிறுத்துவது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பகிர்வுக்கு முடிவு நேரம் இருக்க வேண்டும், அந்த நேரத்தைச் சர்வரே அமல்படுத்த வேண்டும். பயனர் நிறுத்த மறந்தாலும், செயலி இடையில் விழுந்துவிட்டாலும், குறித்த நேரத்திற்குப் பின் யாராலும் அந்தப் பாதையைப் படிக்க முடியக் கூடாது. ஃபயர்பேஸின் பாதுகாப்பு விதியிலேயே, படிப்பவர் அந்தப் பயணக் குழுவின் உறுப்பினரா என்பதையும், முடிவு நேரம் கடந்துவிட்டதா என்பதையும் சேர்த்து எழுத முடியும். சோதனைக் காலத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவைத்த விதியை அப்படியே வெளியீட்டிற்கும் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உங்கள் செயலியில் அதன் பொருள், மனிதர்கள் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஊருக்கே திறந்து கிடக்கிறது என்பது.

அடுத்து, நேரலை இருப்பிடம் காட்டுவதற்குக் கடைசிப் புள்ளி மட்டும் போதும். ஒவ்வொரு புள்ளியையும் பட்டியலில் சேர்க்காமல், ஒரே இடத்தில் மேலெழுதுங்கள். பழைய தடத்தைச் சேமித்து வைத்தால், எவர் பெயரும் இல்லாவிட்டாலும் அது பேசும். ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்களின் உடற்பயிற்சித் தடங்களையெல்லாம் பெயர் நீக்கி ஒரே வெப்பப் படமாக (அதிகம் சென்ற வழிகள் ஒளிரும் வரைபடமாக) 2017இன் இறுதியில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் அதைக் கூர்ந்து பார்த்தவர்கள், வெற்றுப் பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த கோடுகளிலிருந்து இராணுவ முகாம்களின் உள்வழிகளைக் கண்டுகொண்டார்கள். தசம இலக்கங்களையும் அளவோடு வையுங்கள். ஐந்தாவது தசம இலக்கம் அட்சரேகையில் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதற்கு மேல் அனுப்பும் இலக்கங்கள் எவருக்கும் பயன்படாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எந்தப் பகுதி என்று தெரிந்தால் போதும் என்றால் மூன்று இலக்கமே, அதாவது நூறு மீட்டர் அளவே, போதுமானது.

இணைப்பு அறுந்தவுடன் சர்வரே ஒரு மதிப்பை எழுதும்படி ஃபயர்பேஸில் முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாம். அதைக் கொண்டு "இணைப்பில் இல்லை" என்ற நிலையை எழுதி, பார்ப்பவரின் திரையில் மார்க்கரைச் சாம்பல் நிறமாக்கி, கடைசியாக அளந்த நேரத்தைப் பக்கத்தில் போடுங்கள். பழைய புள்ளியைப் பளிச்சென்ற நிறத்தில் நேரலைபோல் காட்டுவது, ஒருவர் அவசரத்தில் தேடும்போது ஆபத்தாகவே முடியும்.

தடந்தேடி

மார்க்கர் ஐடியைப் பற்றிய ஊகம் சரியாக இருந்தது. பயனர் அடையாளத்தையே ஐடியாக மாற்றியவுடன் மறைந்து தோன்றுவது நின்றுவிட்டது. ஃபோர்கிரவுண்டு சர்வீஸைப் பொத்தான் அழுத்தும் இடத்திலேயே தொடங்குகிறேன். திரை அணைந்த பின்னும் புள்ளிகள் வருகின்றன. அனுப்பும் இடைவெளியை வேகத்தோடு இணைத்துவிட்டேன்.

இப்போது ஊசிக் குறிக்குப் பதிலாக வண்டியின் முகம் தெரியும் அம்புக்குறியை வைத்து, திசைக்கோணத்திற்கு ஏற்ப அனிமேஷனோடு திருப்புகிறேன். பெரும்பாலான இடங்களில் அழகாகத் திரும்புகிறது. ஆனால் வண்டி வடக்கு நோக்கிச் செல்லும்போது மட்டும் திடீரென்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. மேலும், திரும்பும்போது அம்புக்குறி சாலையை விட்டுச் சற்று நகர்வதுபோலவும் தெரிகிறது. வண்டி நின்றால் அம்பு கண்டபடி திசை மாறுகிறது.

வரைபடப்பித்தன்

மூன்றும் தனித்தனிக் காரணங்கள்.

வடக்கு என்பது 0 பாகையும் 360 பாகையும் சந்திக்கும் இடம். வண்டி 350 பாகையிலிருந்து 10 பாகைக்குத் திரும்பினால் உண்மையில் அது 20 பாகை வலப்புறம் திரும்புகிறது. உங்கள் அனிமேஷனோ 350இலிருந்து 10 வரை இறங்கி, 340 பாகை இடப்புறம் சுற்றுகிறது. புதிய கோணத்திலிருந்து பழைய கோணத்தைக் கழித்து, 540ஐக் கூட்டி, 360ஆல் வகுத்து மீதியை எடுத்து, அதிலிருந்து 180ஐக் கழியுங்கள். கிடைக்கும் எண் எப்போதும் மிகக் குறுகிய திருப்பமாகவே இருக்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 20 என்று வரும். பழைய கோணத்தோடு அந்த எண்ணைக் கூட்டிய இடம்வரை அனிமேஷனை ஓட்டுங்கள். ஓட்டி முடித்ததும் கோணத்தை மீண்டும் 0 முதல் 360க்குள் கொண்டுவந்து சேமித்துவிடுங்கள். ஃப்ளட்டர் செயலிகள் எழுதப்படும் டார்ட் மொழியில் மீதி எப்போதும் எதிர்மம் ஆகாது என்பதால் சேமிக்காமல் விட்டாலும் தப்பிப்பீர்கள். நாளை இதே வரியைக் காட்லினுக்கோ ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ கொண்டுபோனால் அங்கே மீதி எதிர்மமாகவும் வரும். தீர்க்கரேகையிலும் 180 பாகைக் கோட்டருகே இதே கதைதான்.

அம்பு நகர்வது, மார்க்கரின் நங்கூரப் புள்ளி இயல்பாகப் படத்தின் அடிப்பகுதி நடுவில் இருப்பதால். ஊசிக் குறிக்கு அது பொருத்தம், ஏனெனில் ஊசியின் முனைதான் இடத்தைத் தொடுகிறது. அம்புக்குறிக்கு நங்கூரத்தைக் கிடையிலும் நெடுக்கிலும் 0.5 என்று படத்தின் மையத்திற்கு மாற்றுங்கள். கூடவே "ஃபிளாட்" பண்பையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் வரைபடத்தை இரண்டு விரலால் திருப்பும்போது அம்பு திரையோடு ஒட்டிக்கொண்டு தவறான திசையைக் காட்டும்.

நின்ற வண்டிக்குத் திசையே கிடையாது. ஜிபிஎஸ் தரும் திசைக்கோணம் நகர்வின் திசை, கைபேசியின் முகம் பார்க்கும் திசை அல்ல. நகர்வு இல்லாதபோது அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை. வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போனால் கடைசியாகக் கிடைத்த நல்ல கோணத்தையே வைத்திருங்கள். காந்த உணரியைக் கொண்டு நிரப்பலாம் என்று யாராவது சொன்னால், வண்டிக்குள் தாங்கியில் பொருத்திய கைபேசியைச் சுற்றி எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.